வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கட்டுமா?

கேள்வி: எனக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வயது 58, முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. மகனுக்கு 33 வயது. செல்போன் ரிப்பேர் கடை போட்டான், ஓடவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டிடம் கட்டிய பணமும் போச்சு. அப்புறம் பிராய்லர் கடை, எட்டே மாசத்தில் மூடிவிட்டு, கோழி போட்டவருக்கு வைத்த பாக்கியை அடுத்தவர் லோடு ஆட்டோ ஓட்டி இப்போதுதான் அடைத்தான். ராத்திரி வந்து எனக்கு இலை வெட்டியும் தருவான். இனி சொந்தமாகப் பழைய லோடு ஆட்டோ ஒன்று வாங்கணுமாம், ஃபைனான்ஸில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். வீடு அவன் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் சம்பாதித்துக் கட்டியது, உயில் எதுவும் எழுதவில்லை. கட்டிக்கொடுத்த மகளோ, 'இன்னுமா அவனை நம்புத, உனக்கென்ன கிறுக்கா?' என்று சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாள். நான் நம்புவது தப்பா?

பதில்: தப்பே இல்லை அம்மா. மூன்று தொழிலில் தோற்றதை விவரமாக எழுதிவிட்டு, கோழிக்காரர் பாக்கியை அடைத்ததைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அதே ஊரில் நின்று, கடன்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடைத்திருக்கிறான். பகலெல்லாம் லோடு ஏற்றி இறக்கின கையோடு ராத்திரி கத்தரி பிடித்து அம்மாவுக்குப் பீடி இலை வெட்டுகிற பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஆனால் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். மகன்மேல் நம்பிக்கை இருக்கட்டும், தொழில் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியாது, டீசல் விலையும் வாடகையும் அவன் கையிலா இருக்கிறது? இன்னொன்று, நீங்கள் கொடுக்க நினைத்தாலும் தனியாகக் கொடுக்க முடியாது. வீட்டுக்காரர் உயில் எழுதாமல் போனதால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, மாமியார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாணமாகிப் போய்விட்டதால் மகள் பங்கு போய்விடாது, அவள் கையெழுத்து வேண்டும்.

சரி, ஆட்டோவுக்கு என்ன வழி? முதலில் வங்கியில் முத்ரா கடன், அதாவது சிறுதொழில் செய்கிறவர்களுக்கான அரசுத் திட்டக் கடன், கேட்கச் சொல்லுங்கள். சரக்கு வண்டிக்கும் அது உண்டு, 10 லட்சம் வரை வீடு, நிலம் என்று எதையும் ஈடாகக் கேட்கக் கூடாது, வாங்குகிற வண்டிதான் கடனுக்குப் பிடிமானம். பழைய வண்டி என்றால் சில மேனேஜர்கள் தயங்குவார்கள். ஒரு கிளையில் இல்லை என்றால் அடுத்த கிளைக்குப் போகட்டும், இதுவரை ஓட்டிய வாடகைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். கையிலிருந்து போட வேண்டிய பணத்துக்கு, உங்களால் முடிந்தால், போனாலும் சாப்பாட்டுக்குக் குறை வராது என்கிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டாம். முதுகு வலித்துப் பீடித் தட்டைக் கீழே வைக்கிற நாளுக்கு அது வேண்டும்.

மகளை விட்டுவிடாதீர்கள். வீடு போனால் அம்மா எங்கே போய்ப் படுப்பாள் என்ற பயத்தில்தான் அந்தப் பிள்ளை கத்துகிறது. பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.