ஸ்டார் விற்பனையாளர் 'பேப்பர் போடுகிறேன்' என்றால்?

கேள்வி: எங்கள் விற்பனைப் பிரிவில் ஆறு பேர். மாத விற்பனையில் 40 சதவீதம் ஒருவர் மூலமாகவே வருகிறது. அடிக்கடி 'பேப்பர் போட்டுவிடுவேன்' என்கிறார். ஒவ்வொரு முறையும் ஏதாவது கூட்டிக் கொடுத்துச் சமாளித்தேன். இப்போது இன்சென்டிவை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். அவருடைய ஆர்டர்தான் முதலில் போக வேண்டுமாம். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மிரட்டினால் கிடைக்கும் என்று அவரைப் பழக்கியது நீங்கள்தான். இந்த முறை அங்கேயே எதற்கும் தலையாட்டாதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் சொல்வதாகத் தேதி குறித்துச் சொல்லிவிட்டுக் கணக்கை எடுங்கள்.

அந்த 40 சதவீதம் பில் போட்ட தொகையா, வசூலான தொகையா? ஒருவர் 130 ரூபாய் சரக்கை 10 சதவீதத் தள்ளுபடியில் விற்கிறார். கைக்கு வருவது 117. அடக்கவிலை 91 போனால் மிச்சம் 26. இன்னொருவர் 100 ரூபாய் சரக்கை 2 சதவீதத் தள்ளுபடியில் 98-க்கு விற்கிறார். அடக்கம் 70 போக மிச்சம் 28. விற்பனைத் தொகையை மட்டும் எழுதும் போர்டில் முதல் இடம் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்! தள்ளுபடி, திரும்பி வந்த சரக்கு, 90 நாள் தாண்டிய பாக்கி எல்லாவற்றையும் கழித்து, ஆறு பேருக்கும் ஓராண்டுக் கணக்குப் போடுங்கள். அப்படியும் அவர்தான் முதலிடம் என்றால், நியாயமாகவே அதிகம் கேட்கிறார், கொடுக்கலாம்.

ஆனால் அவருக்கு மட்டும் ரகசியமாகக் கூட்டாதீர்கள். சம்பள ரகசியம் ஆபீசில் அதிக நாள் தங்காது. விதியை மாற்றுங்கள், அது ஆறு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும்: இன்சென்டிவ் லாபத்தின் மேல், பணம் வசூலான பிறகே பட்டுவாடா, டார்கெட்டுக்கு மேல் போனால் கூடுதல் விகிதம். அந்தக் கூடுதல் விகிதம் டார்கெட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். மொத்த விற்பனைக்கும் கொடுத்தால், டார்கெட் எட்டாது என்று தெரிந்த மாதத்தில் ஆர்டரை அமுக்கி வைத்து அடுத்த மாதம் பில் போடுவார்கள். உச்சவரம்பு வேண்டாம். அது நன்றாக விற்பவரைத்தான் முதலில் விரட்டும்.

பிறகு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கோபத்துக்குப் பின்னால் பல நேரம் பணம் இருக்காது: விலைக்கு ஒப்புதல் வர நான்கு நாள் ஆகும், சொன்ன தேதியில் சரக்கு போகாது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது அவர். குறிப்பிட்ட வரம்புவரை தள்ளுபடியை அவரே முடிவு செய்யட்டும் என்றால் பாதிச் சூடு தணியும். ஆர்டர் முன்னுரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது வாடிக்கையாளரின் அவசரத்தையும் ஆர்டர் வந்த தேதியையும் பொறுத்தது, விற்றவரைப் பொறுத்தது அல்ல. சக ஊழியரிடம் கத்துவது போன்றவற்றைத் தேதியோடு சொல்லுங்கள். "நடத்தை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். பேசி முடிவானதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

உங்களுடைய உண்மையான பயம், அவர் போனால் வாடிக்கையாளரும் கூடவே போய்விடுவார் என்பதுதானே? அவருடைய முதல் பத்து வாடிக்கையாளரை அவருடனேயே போய் நீங்கள் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டாவது தொடர்பாளரை அறிமுகம் செய்யுங்கள். கொட்டேஷன், விலை, பேச்சுவார்த்தைக் குறிப்பு எல்லாம் கம்பெனிப் பதிவில் ஏற வேண்டும், அவர் போனில் மட்டும் கிடக்கக் கூடாது. இதை ஆறு பேருக்கும் ஒரே நாளில் விதியாக்குங்கள். அவர் ஒருவரிடம் மட்டும் கேட்டால் ஆளை மாற்றப் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்.

இத்தனைக்குப் பிறகும் ராஜினாமா கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கெஞ்சி நிறுத்தினால் அடுத்த காலாண்டில் அதே கடிதம் வரும். நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே நிலுவை வசூல், முடியாத கொட்டேஷன், கொடுத்த சாம்பிள் ஆகியவற்றின் பட்டியலை வாங்குங்கள். வாடிக்கையாளரிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட தள்ளுபடிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை எந்தப் பதிவிலும் இருக்காது. அவர் போன பிறகுதான் ஒவ்வொன்றாக உங்கள் மேஜைக்கு வரும்.