திருக்கையும் மதில் பாசியும்

வணக்கம் ஐயா. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகளுக்கு ஒரு ஒப்படை வந்திருக்கிறது. கடலில் வாழும் ஒரு திருக்கை இனத்தையும் ஒரு பாசி இனத்தையும் ஒப்பிட வேண்டுமாம். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடச் சொல்கிறார்களே, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?
கௌசல்யா, வெள்ளவத்தை

அன்புள்ள கௌசல்யா,

நிறைய இருக்கிறது. முதலில் ஒன்று: குளத்துப் பாசியை எடுத்துவிட வேண்டாம், அது அல்கா; இங்கே பாசி என்பது மொஸ். உங்கள் ஒழுங்கை மதிலில், சீமெந்து வெடிப்பில் வெள்ளி மினுக்கத்தோடு மெத்தைபோல் கிடக்குமே, பிரையம் அர்ஜென்டியம், அதை எடுக்கட்டும். இலை நுனிகளில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளி. திருக்கையில் கொம்புத் திருக்கை, மோபுலா பைரோஸ்ட்ரிஸ்.

ஒன்று விலங்கு, மற்றது தாவரம். ஒன்றுக்கு எலும்பே இல்லை, மற்றதற்கு உண்மையான வேரே இல்லை. இதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். எனக்கு வியப்பு வேறிடத்தில். கடலிலேயே கிடக்கும் திருக்கை தன் விந்தைத் தண்ணீரில் விடுவதில்லை. பெண்ணின் உடலுக்குள்ளேயே கருக்கட்டல் நடக்கிறது. மதிலில் வெயில் காயும் பாசிக்கோ, விந்து நீந்திப் போக ஒரு படலம் தண்ணீர் வேண்டும். மழை பெய்தால்தான் கலியாணம்.

அப்புறம் பிள்ளைகள். பாசியின் ஒரு வித்திப் பையிலேயே, விதைபோல முளைக்கும் தூள்போன்ற வித்திகள் ஆயிரக்கணக்கில். செருப்பில் ஒட்டிய துண்டுகூட இன்னோரிடத்தில் முளைத்துவிடும். கொம்புத் திருக்கை ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். பேலியகொடை மீன் சந்தையில் ஒருமுறை, வெட்டிய தாயின் பக்கத்தில் அந்தக் குட்டியைக் கண்டேன். செட்டைகள் இரண்டும் வெற்றிலைச் சுருள்போல உடம்பைச் சுற்றி மடிந்திருந்தன. விரிந்து வளர்ந்திருந்தால் ஏழு மீற்றர் அகலம்வரை போயிருக்கும். அதன் செவுள் தட்டுகளுக்கு வெளிநாட்டில் மருந்துச் சந்தை இருக்கிறது. 2013இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து அந்த வணிகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பாசியை எத்தனை முறை சுரண்டினாலும் அடுத்த மழைக்கு வந்துவிடும், திருக்கைக்கு அந்த வசதி இல்லை. மகள் இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

சரி, எழுதுமுன் மதிலில் காய்ந்து கிடக்கும் பாசியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கைவில்லையால் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் வெள்ளி மங்கிப் பச்சை தெளியும்.