'செத்தெங்கா தீகா' என்றால் எத்தனை மணி?

"பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் தகராறு வராமல் பேசுவது எப்படி? எல்லோருக்கும் மலாய் தெரிந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு லோரி.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர். ஊர்ப் பெயர் 2007இல் மாறிவிட்டது; எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இந்த வட்டாரத்தில்தான், 1917இல். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! சொல் ஒன்று, பொருள் வேறு என்பது எங்கள் மண்ணிலேயே இருக்கிறது போலும்.

அப்பா காலத்தில் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) நின்றவர்கள் எல்லோரும் தமிழர்கள். இன்று எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர்கள், உரம் போடுகிறவர்கள் வங்காளதேசத்தவர். லோரி ஓட்டுநர் தமிழர், உதவி நிர்வாகி மலாய்க்காரர். எல்லோரையும் கட்டி வைத்திருப்பது பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய்.

குலை வெட்டும் குழுவின் தலைவர் ஜாவாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒருநாள் தொலைபேசியில், "லோரி செத்தெங்கா தீகா" என்றார். செத்தெங்கா என்றால் அரை, தீகா என்றால் மூன்று. மூன்றரை என்று குறித்துக்கொண்டு லோரியை அனுப்பினேன். இரண்டரையிலிருந்து அவர்கள் வெயிலில் காத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் மூன்றரையை 'தீகா செத்தெங்கா' என்போம். இந்தோனேசியாவில் 'செத்தெங்கா தீகா' என்றால் மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை. மூன்று நாள் இதே கதை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, லோரி சேற்றில் புதைந்தது, குலைகள் மறுநாள்தான் ஆலைக்குப் போயின. வெட்டிய குலை கிடக்கக் கிடக்கத் தனிக் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். திட்டு எனக்கு.

மூன்று நாளும் அவர் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அதுதான் என்னை உறுத்தியது. நேரில் போய்க் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "கிராணி எங்களை மதிப்பதில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டோம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நான் அவரை 'லு', அதாவது 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கடைத்தெருவில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறோம். ஆனால் அவருடைய ஜாவா மொழியில் பெரியவரிடம் பேசும் பேச்சே வேறு. நம் தமிழிலும் என் அப்பா வயதுக்காரரை 'நீ' என்பேனா? மரியாதை தெரிந்த இரண்டு மொழிக்காரர்கள், அது உதிர்ந்துபோன மூன்றாவது மொழியில் சந்தித்து, ஒருவரை ஒருவர் முரடர் என்று நினைத்திருந்தோம். தாத்தா வெள்ளைக்காரத் துரையைப் பற்றிச் சொல்வார்: "தமிழ் நன்றாகப் பேசுவார், 'வா, போ, எடு' மட்டும்." அதைச் சொல்லிச் சிரித்த வீட்டில் பிறந்த நான் மலாயில் அதே துரையாகியிருந்தேன். மறுநாளிலிருந்து அவரை 'பாக்' என்று, பெரியவரை 'ஐயா' என்பதுபோல, அழைக்கத் தொடங்கினேன்.

சொல் வேறுபாடுகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். இங்கே 'பெர்ச்சுமா' என்றால் இலவசம், இந்தோனேசியாவில் வீண். இங்கே 'பூசிங்' என்றால் திரும்பு, அங்கே தலைசுற்றல். புதிதாக வந்த பையன் ஒருவன், கையுறை கேட்கும்போது, 'வேண்டும்' என்பதற்குத் தன் ஊர்ச் சொல்லை அலுவலகத்தில் சத்தமாகச் சொன்னான். அது இங்கே எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை நான் எழுத மாட்டேன். மலாய்ப் பெண் எழுத்தர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதைவிடப் பெரிய ஏமாற்று 'பஹாம்?' என்ற கேள்வி. புரிந்ததா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? வேலை போய்விடும் என்ற பயம் இருப்பவர் நிச்சயம் சொல்ல மாட்டார். மரத்தைச் சுற்றி வட்டமாகத் தூவச் சொன்ன உரத்தை, "பஹாம், போஸ்" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவர் அடிமரத்தில் குவியலாகக் கொட்டியிருந்தார். இப்போதெல்லாம் முதல் மரத்துக்கு நான் போடுகிறேன், இரண்டாவதற்கு அவரைப் போடச் சொல்லிப் பார்க்கிறேன். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

கை, தலை விவகாரமும் உண்டு. மலாய்க்காரர்களுக்கு முன் ஆட்காட்டி விரலை நீட்டாதீர்கள். அவர்கள் கட்டைவிரலால்தான் காட்டுவார்கள். நம் தலையாட்டலையும் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டுநர் 'சரி' என்று ஆட்டிய தலையை உதவி நிர்வாகி 'முடியாது' என்று எடுத்துக்கொண்டு வேறு லோரிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

நேரத்தை இப்போது பலகையில் எண்ணால் எழுதுகிறோம்: 2.30. பாக் அதையும் நம்புவதில்லை. கைபேசியில் எண்ணைத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டுவார். நான் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் நகர்வார்.