பள்ளி கேன்டீனில் சிப்ஸ், கூல்டிரிங்க்ஸுக்குத் தடை போடுவது ரொம்ப ஓவர் இல்லையா?

இல்லைங்க. உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து முறையிட்டிருக்கும், அந்த எரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரு தனியார் பள்ளியில் கேன்டீன் எடுத்து நடத்துகிறவள். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

இது பள்ளி நிர்வாகம் தன் இஷ்டத்துக்குப் போட்ட தடை அல்ல. உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த விதி. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. அங்கே விளம்பரமும் செய்யக் கூடாது.

கோலாவை நிறுத்தியபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. மாம்பழ ஜூஸை நிறுத்தியபோதுதான் பெற்றோரே வந்து, "பழம்தானே, அதில் என்ன கெடுதல்?" என்றார்கள். நான் டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை. 200 மில்லி குடித்தால் 26 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும், அது தெரியுமா? கூல்டிரிங்க்ஸ் ஏஜென்ட் ஒருவர் கம்பெனி விளம்பரப் படம் ஒட்டிய ஃப்ரிட்ஜை இலவசமாகவே தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

சரி, பதிலுக்கு என்ன விற்பது? சுண்டல் போட்டேன். தட்டில் வைத்து ஸ்பூனோடு கொடுத்தபோது அப்படியே மிஞ்சியது. ருசியில் குறையில்லை. இன்டர்வெல் பத்து நிமிஷம், அதில் பாதி வரிசையிலேயே போய்விடும். பாக்கெட் என்றால் பிரித்துக்கொண்டே ஓடலாம், தட்டோடு ஓட முடியுமா? அப்புறம் பட்டாணிச் சுண்டலில் மாங்காயும் தேங்காயும் பொடியாக நறுக்கிப் போட்டு, பேப்பர் கூம்பில் மடித்துக் கொடுத்தேன். பெல் அடிப்பதற்குள் அண்டா காலியாகிறது. நீர்மோரும் கொய்யாத் துண்டும் அப்படித்தான் போகின்றன. லாபம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் நஷ்டம் இல்லை.

நான் டயட்டீஷியன் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிடாதே என்றும் சொல்லவில்லை. தினமும் இன்டர்வெல்லில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் பேசுகிறேன்.

உடனே "நாங்களும் கமர்கட் தின்று வளர்ந்தவர்கள்தானே" என்று யாராவது வருவீர்கள். வளர்ந்தோம், உண்மை. ஆனால் இருட்டும் வரை தெருவில் ஓடினோமே! இப்போது பி.டி. பீரியடைக்கூடக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். போர்ஷன் முடியவில்லையாம். என் கேன்டீனுக்கு எதிரேதான் மைதானம், வெயிலில் காலியாகக் கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் கால் வைத்தே நான் பார்த்ததில்லை. கேன்டீனில் என்ன விற்கிறார்கள் என்று கேட்கிற பெற்றோர், அடுத்த மீட்டிங்கில் அந்த பி.டி. பீரியட் எங்கே போனது என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்டால் கான்ட்ராக்ட் போய்விடும். நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.