ஆயாவும் வேணும், பள்ளிக்கூடமும் வேணும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவாள்; ஆயா என்றால் அவளுக்கு உயிர். ஆனால் திங்கட்கிழமை ராகு காலம் முடியாமல் வாசல் தாண்ட விடுவதில்லை. பள்ளி மணி 8.45. பூனை குறுக்கே போனால் பிள்ளை திரும்பி வந்துவிடுகிறாள். டிக்டேஷனில் மார்க் போனதற்கு, "காலைல தும்மினேன்ல, அதான்" என்கிறாள். மாமியாரைக் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம். "நான் தும்மினதாலதான் ஆயா போயிட்டாங்க" என்று அதையும் பிள்ளை தன் தலையில் போட்டுக்கொள்வாள். அடுத்தடுத்து நடக்கும் இரண்டைக் காரண காரியமாக முடிச்சுப் போடும் வயது இது.

திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9 வரை. வாதம் செய்து ஜெயிக்க முடியாது. ஆயாவுக்கே தெரிந்த பரஸ்தானம் இருக்கிறதே! 7.25-க்குள் புத்தகப் பையை எதிர்வீட்டில் வைத்துவிட்டால் புறப்பட்டதாகக் கணக்கு. 8.20-க்குப் பிள்ளை போய் எடுத்துக்கொள்ளட்டும். அன்று கிழக்கே சூலம். பள்ளி அந்தப் பக்கம் என்றால் ஒரு வாய் தயிர். பூனை குறுக்கே போனால் பிள்ளை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பட்டும். தடையைச் சொல்லும் சாஸ்திரமே விலக்கையும் சொல்கிறது. "அதையும் சேர்த்துச் சொல்லுங்க அத்தை" என்று, பிள்ளை இல்லாத நேரத்தில் கேளுங்கள். அவள் எதிரில் மறுத்துப் பேசினால், பயத்தை உங்களிடம் மறைக்கப் பழகிவிடுவாள்.

தண்ணீர் ஒரே ஒரு முறைதான். "சரியா குடிக்கலை" என்று மறுபடி மறுபடி குடித்தாலோ, பயத்தில் தூக்கமும் பள்ளியும் வாரக்கணக்கில் கெட்டாலோ, அது ஆயா சொல்லிக்கொடுத்தது என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

டிக்டேஷனுக்கு மாதக் காலண்டர் போதும். தும்மிய நாளுக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் தப்பான வார்த்தைகளின் எண்ணிக்கை. தும்மாத நாளையும் எழுத வேண்டும்; தும்மாமலே மார்க் போன நாள்தான் வேலை செய்யும். அவளே எழுதட்டும், நீங்கள் விளக்கவுரை சொல்ல வேண்டாம்.

ஆயா திருஷ்டி சுற்றினால் தடுக்காதீர்கள். பிள்ளைக்கு வீசிங் இருந்தால் மட்டும் மிளகாயை நெருப்பில் போடாமல், கல் உப்பைத் தண்ணீரில் கரைக்கச் சொல்லுங்கள். மிளகாய்ப் புகை இழுப்பைக் கிளப்பிவிடும்.

கேள்வி: நாற்பது நாள் குழந்தைக்கு அம்மா வசம்பைச் சுட்டு, இழைத்து நாக்கில் தடவுகிறார். கண்ணுக்கு மையும் உண்டு. சரியா?
- வாசகி, காசிமேடு

பதில்: நாக்கில் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். வசம்பால் வாந்தி வரலாம். இழைக்கும் கல்லிலிருந்து கிருமி போய் வயிற்றாலையும் போகலாம். 'பேர் சொல்லாதது' என்று ராத்திரியில் பெயரைக்கூடச் சொல்லாத பொருளை வாயில் வைப்பானேன்? கையில் வளையலாகக் கட்டினாலும் குழந்தை சப்பும். தொட்டில் கம்பில், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். சில மைகளில் ஈயம் இருக்கிறது, அதனால் கண்ணுக்குள் வேண்டாம். விரல் வாய்க்குப் போகுமென்பதால் கன்னமும் வேண்டாம். உள்ளங்காலில் வைத்து சாக்ஸ் போட்டுவிடுங்கள்.