தோருன்: ஆற்றின் அக்கரையிலிருந்து

அன்புள்ள ஐயா,

வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் போலந்து செல்கிறோம். வார்சாவிலிருந்து கதான்ஸ்க் போவதற்கு இடையே ஒரு நாள் கையில் இருக்கிறது. தோருன் நகரைப் பார்க்கலாமா என்று விசாரித்தால், கோப்பர்நிக்கஸ் பிறந்த வீட்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை, இரண்டு மணி நேரம் போதும் என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

அந்த நாள் முழுவதையும் தோருனுக்கே கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்பியவர்கள் சதுக்கத்தில் உள்ள கோப்பர்நிக்கஸ் சிலையின் முன் படம் எடுத்துக்கொண்டு, அவர் 1473இல் பிறந்ததாகக் கருதப்படும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயில் ஏறியிருப்பார்கள். ஆனால் அது விஸ்துலா ஆற்றால் பிழைத்த ஊர். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தால் பிடிபடாது.

நல்ல வேளையாக, முதன்மை ரயில் நிலையம் தென்கரையிலும் பழைய நகரம் வடகரையிலும் இருக்கின்றன. பேருந்தில் ஏறிவிடாமல் பாலத்தின் வழியே நடந்து செல்லுங்கள். மதிலும் வாயில்களும் கோயில்களும் நகர மன்றக் கோபுரமும் செங்கல்லாலேயே எழுந்து, ஒரே சிவப்பு வரிசையாக நீர்மேல் நிற்பதை அங்கிருந்துதான் காண முடியும். இரண்டாம் உலகப் போரில் வார்சா தரைமட்டமானது. தோருன் பெரிய சேதமின்றித் தப்பியது. ஆகவே அங்கே நீங்கள் காண்பது பெரும்பாலும் இடைக்காலத்துச் செங்கல்லே. 1997இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

புனித யோவான் பேராலயத்தின் கோபுரத்தில், ஆற்றைப் பார்த்த பக்கத்தில், 15ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு முள். விஸ்துலாவில் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஓட்டி வந்தவர்களுக்காக வைக்கப்பட்டதால் அதைத் தெப்பக்காரர் கடிகாரம் என்கிறார்கள். நாள் கணக்கில் நீரில் மிதந்து வருபவனுக்கு மணி தெரிந்தால் போதும், நிமிடம் எதற்கு? முதன்முறை அதைக் கண்டபோது அந்த முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் நகர்வதைப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநேரம் நின்றிருந்தேன். அதே கோபுரத்தில் 1500இல் வார்க்கப்பட்ட, ஏழு டன்னுக்கும் மேல் எடையுள்ள 'தூபா தேயி' என்னும் மணி தொங்குகிறது.

பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் கோட்டையின் இடிபாடு. இந்த நகரை 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய டியூட்டானிக் வீரத்துறவிகள், அதாவது வாளேந்திய ஜெர்மானியக் கிறித்தவத் துறவிகள், கட்டிய கோட்டை அது. அவர்களுடைய வரிகளையும், அந்தத் துறவிகளே வணிகத்தில் இறங்கித் தங்களோடு போட்டியிட்டதையும் பொறுக்க முடியாத நகரத்து வணிகர்கள் 1454இல் கிளர்ந்தெழுந்து அதைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார்கள். அதைத் தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுப் போர் மூண்டது. 1466இல் இதே நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் தோருன் போலந்து மன்னரின் ஆட்சிக்கு வந்தது. கோட்டையில் முழுமையாக எஞ்சியது வளைவுப் பாலத்தின் முனையில் நிற்கும் ஒரு கோபுரம் மட்டுமே. அது அந்தத் துறவிகளின் கழிப்பறை. பின்பு தென்கரையைத் திரும்பிப் பாருங்கள். போலந்து மன்னர் யாகியெல்லோ 1420களில் எழுப்பிய திபூவ் கோட்டையின் சுவர்கள் தெரியும். அன்று இந்த ஆறே எல்லை. இரண்டு அரசுகள் இரு கரைகளிலிருந்தும் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டிருந்தன.

சாய்ந்த கோபுரம் வழியில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும்.

'பியர்னிக்' என்னும் தேன் ரொட்டிக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். காரமான, மிளகிட்ட என்று பொருள்படும் பழைய போலிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் மேற்குக் கரையின் மிளகு பல கைகள் மாறி இந்த ஆற்றங்கரைவரை சென்றிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். அருங்காட்சியகத்தில் உள்ள பழைய மர அச்சுகளை நெருங்கிப் பாருங்கள்: அரசர்களும் குதிரை வண்டிகளும் இடவலம் மாறி, உடையின் பின்னல்வரை குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்த அச்சில் செய்து கடைகளில் விற்கும் பெரிய ரொட்டிகள் அலங்காரத்துக்கானவை, கல்போல் இருக்கும். ஊருக்கு வாங்கி வருவதானால், ஆறு வட்டங்களை ஒட்டவைத்தது போன்ற வடிவிலுள்ள 'கதஜின்கி' என்று கேளுங்கள், அதுதான் மென்மையானது.

அன்புடன்.