400 பீச் மரங்கள், 1 பட்டா: டேனியல் ஃப்ரீமன் குடும்பம் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் குடியேறிய டேனியல் ஃப்ரீமன் (1826–1908) பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். குடியேறி உழுபவர்களுக்கு அரசு நிலத்தை இலவசமாகத் தந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் நிலம் பதிந்த முதல் ஆள் என்று பெயர் பெற்றவர். எனக்கு மிகவும் பிடித்த குடும்பக் கதை இது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இலவச நிலம் என்றால், போய் வேலி போட்டால் நம்முடையதா?

அப்படியில்லை தம்பி. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அது. ஒருவருக்கு 160 ஏக்கர் வரை. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் வைத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொன்ன பிறகுதான் பட்டா.

இவர் எப்படி முதல் ஆள் ஆனார்?

சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு தாண்டியதும் பிரவுன்வில் நில அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி ஃப்ரீமன் பதிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதே நாளில் வேறு ஊர்களிலும் பலர் பதிந்திருக்கிறார்கள். அதனால் 'முதல்' என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிலத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

என்ன செய்தார்? அதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது ஐயா, அதுவும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி. 1868இல் சாட்சிகள் எழுதிக் கொடுத்த காகிதம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. 14க்கு 20 அடியில் ஒரு வீடு. பாதி மரக்கட்டையை அடுக்கியது, பாதி மரச்சட்டம் வைத்துப் பலகை அடித்தது. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. உழுது வேலி போட்ட நிலம் சுமார் 35 ஏக்கர். ஒரு லாயம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, மக்காச்சோளக் கதிர் போட்டு வைக்க ஒரு களஞ்சியம். கடைசியாக, 40 ஆப்பிள் மரம், ஏறக்குறைய 400 பீச் மரம்.

அந்த 400 என்ற எண்ணில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். பீச் காய்க்க மூன்று நான்கு வருடம் பிடிக்கும். பட்டா கைக்கு வரும் முன்பே அத்தனை கன்று வைத்திருக்கிறார்கள்! அத்தனைக்கும் யார் குழி வெட்டினார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று காகிதத்தில் இல்லை. குடும்பத்தைப் பற்றி அதில் இருப்பது மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்ற குறிப்பு மட்டும்தான்.

அந்த மனைவி யார்?

நல்ல கேள்வி அக்கா. ஆக்னஸ் சூட்டர். அயோவா மாநிலத்து லெ கிளேர் ஊர்ப் பெண். முதலில் டேனியலின் தம்பி ஜேம்ஸுக்குத்தான் நிச்சயம் ஆகியிருந்தது. அவர் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அதன்பின் டேனியலும் ஆக்னஸும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடிதத்திலேயே கல்யாணம் முடிவாகி 1865இல் நடந்தது. பறிகொடுத்த துக்கத்தோடு, அண்ணன் வீட்டுக்கே வாழ வந்த 20 வயது சொச்சப் பெண். கணவர் போன பிறகும் 20 வருடத்துக்கு மேல் இருந்து 1931இல் காலமானார். பட்டாவில் பெயர் இல்லாவிட்டாலும் அந்த மண்ணில் பாதி அவருடையது என்பேன்.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

ஓட்டோ-மிசூரியா பழங்குடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி அவர்கள் கையைவிட்டுப் போனது. பிக் புளூ ஆற்றங்கரையில் மிஞ்சிய கொஞ்ச நிலத்தையும் விட்டு 1881இல் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஃப்ரீமன் குடும்பத்தை நினைக்கும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். 'காலி நிலம்' என்று எழுதுபவர்களை நான் ஏற்பதில்லை.

பள்ளிக்கூடத்தோடு வழக்கு போட்டாராமே?

ஆமாம். பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து ஜெபம் நடத்தினார். அரசுப் பள்ளியில் அது கூடாது என்றார் ஃப்ரீமன். பள்ளி நிர்வாகம் கேட்கவில்லை. 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 75ஐத் தாண்டிவிட்டது. ஊரையே பகைத்துக்கொண்டாலும் விட்டுக்கொடுக்காத மனுஷன்.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

அவருடைய 160 ஏக்கரை 1936இல் தேசிய நினைவிடமாக்கினார்கள். வழக்குக்குக் காரணமான அந்தச் செங்கல் பள்ளிக்கூடம் நிற்கிறது. ஃப்ரீமன் வீடு இப்போது இல்லை. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைத்த, 1867இல் கட்டிய ஒரு மரக்கட்டை வீடு இருக்கிறது. 14க்கு 16 அடி. அதில் ஒரு குடும்பம் பத்துப் பிள்ளைகளோடு வாழ்ந்திருக்கிறது. உள்ளே போய் நின்று, அடுப்பு எங்கே, படுக்கை எங்கே என்று மனதுக்குள் பிரித்துப் பாருங்கள். பிறகு புல்வெளி வழியாக நடந்து கல்லறைக்குப் போங்கள். டேனியலும் ஆக்னஸும் அந்த நிலத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்கள்.